பாறையில் உட்கார வைத்த நீர்நாய்

தாழையேரியில் சிலம்பாயி என்று ஒரு விரால் மீன் இருந்தாள். அவள் வீட்டுக்காரன் காத்தான்.

விரால் மீன் மற்ற மீன்களைப் போல முட்டையை இட்டுவிட்டுத் தன் வழியே போய்விடாது. குஞ்சு பொரிந்ததும் அவை செக்கச் செவேலென்று ஒரே பந்தாகத் திரண்டு, மூச்சு வாங்க மேலே வரும், கீழே போகும். அந்தப் பந்துக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்பார்கள். பசித்தாலும் நகர மாட்டார்கள்.

அப்படிக் காத்தும் சிலம்பாயியின் முதல் குஞ்சுகள் போயின. அடுத்த முறை பொரித்த குஞ்சுகளும் போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தின்றது சீமைக் கெளுத்தி!

எங்கிருந்தோ வந்த மீன் அது. ஒரு பெருமழையில் எந்தக் குட்டையோ உடைந்து, கால்வாய் வழியாக ஏரிக்குள் புகுந்தது. வந்தபோது விரல் நீளம். தின்று தின்று இப்போது உலக்கை நீளம். ஒன்று பலவாகப் பெருகிக் கூட்டமாகவும் ஆகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் தடிமீசையன். அவனுக்கு முட்டை, குஞ்சு, தாய், தகப்பன் என்று எந்த வித்தியாசமும் கிடையாது. வாய்க்குள் போவதெல்லாம் சோறு!

"இந்த ஏரியில் இவனைத் தட்டிக் கேட்க ஆளே இல்லையா?" என்று அழுதாள் சிலம்பாயி.

"இருந்தார்கள். நாம்தான் துரத்திவிட்டோம்" என்றான் காத்தான்.

உண்மைதான். முன்பெல்லாம் ஏரிக்கரை முழுக்கத் தாழம்புதர் இருந்தது. ஏரிக்குத் தாழையேரி என்று பெயர் வந்ததே அதனால்தான். அந்த வேர்களுக்கு நடுவே பொந்து வைத்து நீர்நாய்கள் குடியிருந்தன. கொழுத்த மீன், சோம்பேறி மீன், நோய்ப்பட்ட மீன் என்று பிடித்துத் தின்றன. மீன்களுக்கு அதில் கோபம். கோபம் வருவது நியாயம்தானே!

அந்தக் கோபத்தை ஊதிப் பெரிதாக்கியவர் நாரையார். ஏரித் தலைவர் அவர்தான். ஒரு நாள் கூட்டம் போட்டுப் பேசினார்.

"மீன்களே! உங்களைத் தின்கிறவனை உங்கள் கரையிலேயே குடி வைத்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? தாழையைப் பிடுங்குங்கள்! கோரையை அறுங்கள்! கரை பளிச்சென்று இருக்கட்டும்!"

நாரையும் மீன்தானே தின்கிறது என்று அன்றைக்கு ஒரு மீனாவது கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. பேச்சு அவ்வளவு ஜோராக இருந்தது!

நண்டுகள் தாழை வேரை அறுத்தன. தாழைக்கோழிகள், தாங்கள் கூடு கட்டும் கோரையைத் தாங்களே பிடுங்கிப் போட்டன. இருக்க இடமில்லாமல் போன நீர்நாய்கள் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு மலையாற்றுக்குப் போய்விட்டன.

பெயர் மட்டும் மிஞ்சியது. தாழையேரியில் தேடினாலும் ஒரு தாழை இல்லை!

சிலம்பாயி அழுதது போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏரி முழுக்கச் சுற்றினாள். கெண்டையிடம் சொன்னாள். குறவையிடம் சொன்னாள். அயிரையிடமும் சொன்னாள்.

"நீர்நாயைத் திரும்ப அழைப்போம்!"

"அது நம்மையும் தின்னுமே, அக்கா?" என்றது அயிரை.

"தின்னும். பத்தில் ஒன்றைத் தின்னும். இவன் பத்தையும் தின்று, பத்தின் முட்டையையும் தின்கிறான். எது தேவலை, நீயே சொல்!"

அயிரை யோசித்தது. அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே தடிமீசையன் அதன் தங்கையை விழுங்கிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அயிரை யோசிக்கவில்லை.

எல்லா மீன்களும் ஒன்றாகப் போய், நாரையாரின் அலகு எட்டாத தூரத்தில் நின்று கத்தின.

"நீர்நாய் வேண்டும்! நீர்நாய் வேண்டும்!"

நாரையாருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டார்.

"அட, இதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்! நம் ஏரி இழந்த செல்வத்தை நாமே மீட்போம்!"

"தலைவர் வாழ்க!" என்று தவளை கத்தியது. ஏரியில் செய்தி சொல்வது அதன் வேலை. தலைவர் கொட்டாவி விட்டாலும் வாழ்க சொல்வது அதன் பழக்கம்.

மலையாற்றுக்கு ஆமை புறப்பட்டுப் போனது. ஆமையின் நடை தெரியும் அல்லவா? போய்ச் சேர்ந்தபோது மழைக்காலமே முடிந்துவிட்டது.

ஆற்றில் நீலி என்று ஒரு பெண் நீர்நாயும் அவள் புருஷன் சடையனும் இருந்தார்கள். ஆமை சொன்னதைக் கேட்டதும் நீலியின் மீசை துடித்தது.

"தாழையேரியா? என் அம்மா பிறந்த ஏரி அது! குட்டியாக இருந்தபோது வாயில் கவ்வி அவளைத் தூக்கி வந்தார்களாம். சாகிற வரைக்கும் அந்த ஏரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்."

அப்போது நீலி வயிற்றில் குட்டிகள் இருந்தன. வயிற்றைத் தடவிக்கொண்டு, "இதுகள் அங்கேயே பிறக்கட்டும்" என்றாள். இருவரும் புறப்பட்டார்கள்.

வந்தவர்களுக்கு எப்படிப்பட்ட வரவேற்பு தெரியுமா?

கரையில் ஒரு வளைவு! பச்சைப் பசேலென்று கோரையால் கட்டிய வளைவு! அந்தக் கோரை எங்கிருந்து வந்தது? ஏரி முழுக்கத் தேடி, மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலங்கலோரம் மிச்சமிருந்த ஒரே ஒரு கொத்தையும் அறுத்துக் கட்டியிருந்தார்கள். நீர்நாய் வாழ வேண்டிய கோரையை அறுத்து நீர்நாய்க்கு வரவேற்பு வளைவு! இந்த அறிவாளித்தனத்தை எங்கே போய்ச் சொல்வது!

தவளை பாட்டுப் பாடியது. நாரையார் அல்லிப்பூ மாலையை நீலி கழுத்திலும் சடையன் கழுத்திலும் போட்டார். நீலிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். கால் பரபரத்தது. இறங்கப் போனாள்.

"ஐயையோ!" என்று தவளை குறுக்கே பாய்ந்தது. "விருந்தாளி தண்ணீரில் இறங்குவதா? ஏரிக்கு மானக்கேடு!"

தாழையேரிக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே விருந்தாளியை வேலை செய்ய விட மாட்டார்கள். வலசை வரும் வாத்தானாலும் சரி, வழி தவறி வந்த கொக்கானாலும் சரி, கரையோரம் இருக்கும் வட்டப்பாறையில் உட்கார வைத்து, இரையை வாய்க்கு நேரே கொண்டுவந்து கொடுப்பார்கள். விருந்தாளி தானே தண்ணீரில் இறங்கி இரை தேடினால், ஏரியே தலைகுனிந்து போகும். நல்ல வழக்கம்தான். அந்த நல்ல வழக்கத்தைத்தான் நாரையார் கையில் எடுத்துக்கொண்டார்.

"உட்காருங்கள், உட்காருங்கள்!" என்று பாறையைக் காட்டினார். "உங்களை வேலை வாங்கவா கூப்பிட்டோம்? நீங்கள் எங்கள் ஏரியின் பெருமை அல்லவா!"

"எப்போது தண்ணீரில் இறங்கலாம்?" என்று கேட்டான் சடையன்.

"நல்ல நாள் பார்க்க வேண்டாமா? பார்த்துச் சொல்கிறேன்."

நல்ல நாள் வரவே இல்லை. தேய்பிறை என்றார். வளர்பிறை வந்ததும் காற்று சரியில்லை என்றார். காற்று சரியானதும் தலைவருக்கு இடது காலில் சுளுக்கு என்று தவளை வந்து சொன்னது. தலைவர் காலில் சுளுக்கு என்றால் நீர்நாய் ஏன் தண்ணீரில் இறங்கக்கூடாது? இதையும் யாரும் கேட்கவில்லை.

நீலியும் சடையனும் மரியாதை தெரிந்தவர்கள். வந்த இடத்து வழக்கத்தை மீறக்கூடாது என்று பொறுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஏரிகளிலிருந்து பறவைகள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. "பார்த்தீர்களா? இழந்த நீர்நாயை நாங்கள் மீட்டுவிட்டோம்!" என்று நாரையார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

மீட்ட நீர்நாய் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. தடிமீசையன் பாறைக்கு அடியிலேயே நீந்திக்கொண்டிருந்தான்!

சரி, பாறையில் உட்கார்ந்தவர்களுக்குச் சாப்பாடு?

தினமும் ஒரு மீன் குடும்பம் விருந்து வைக்க வேண்டும் என்று நாரையார் முறை போட்டார். பெரிய மீனைக் கடித்தால் விருந்தாளியின் பல் நோகுமாம், அதனால் குஞ்சு மீன்தான் கொடுக்க வேண்டுமாம். நாரையாரே வந்து குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போவார். போகிற வழியில் பாதி அவர் தொண்டைக்குள் இறங்கும். மீதியைத் தாமரை இலையில் வைத்து, அலகால் கொத்தி மசித்து நீர்நாய்க்கு வைப்பார்.

"என்ன மீன் இது?" என்று நீலி ஒருமுறை கேட்டாள்.

"கெளுத்திக் குஞ்சு அம்மா! எங்கள் ஆட்கள் உங்களுக்காகவே பிடித்து வருகிறார்கள்!" என்றார் நாரையார். கூசாமல் சொன்னார்!

மீன் குடும்பங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தன. "நீர்நாய் வேண்டும் என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? கேட்டு வாங்கிவிட்டு இப்போது விருந்து வைக்க அழுகிறீர்களே!" என்று தவளை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கத்தியது. வெட்கத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவே சிலம்பாயிக்கு மறுபடியும் குஞ்சு பொரிந்தது.

இந்த முறை அவள் தூங்கவே இல்லை. ஒரு பக்கம் தடிமீசையன் வந்தால் காத்தான் மோதுவான். மறுபக்கம் அவள் மோதுவாள். காத்தானின் வால் கிழிந்தது. சிலம்பாயியின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. ஆனாலும் சிவப்புப் பந்து உடையாமல் மேலே வந்தது, கீழே போனது.

அந்தச் சமயம் பார்த்துத் தவளை வந்தது.

"சிலம்பாயி அக்கா! நாளைக்கு உங்கள் முறை!"

"எதற்கு முறை?"

"விருந்துக்குத்தான்! குஞ்சுகளைக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். தலைவர் வந்து அள்ளிக்கொள்வார்."

சிலம்பாயி தவளையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்டா தவளை, இந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றத்தானே நீர்நாயைக் கூப்பிட்டோம்?"

"ஆமாம் அக்கா."

"அந்த நீர்நாய்க்குச் சோறு போட இந்தக் குஞ்சுகளையே கொடுக்க வேண்டுமா?"

"ஆமாம் அக்கா... முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?"

"உன் முறையில் இடி விழ!" என்று வாலால் ஒரு அடி அடித்தாள். தவளை மூன்று குட்டிக்கரணம் போட்டுச் சேற்றில் விழுந்தது.

"சிலம்பாயி, ஊரோடு ஒத்துப் போக வேண்டுமே" என்று காத்தான் மெதுவாகச் சொன்னான்.

"போகிறேன். நாரையார் வந்து அள்ள வேண்டாம். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் பிள்ளைகளைத் தின்கிறவள் என் முகத்தைப் பார்த்துத் தின்னட்டும்!"

மறுநாள் சிலம்பாயி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நேரே வட்டப்பாறைக்குப் போனாள். காத்தான் பின்னாலேயே வந்தான். விருந்து பார்க்க வழக்கம் போல் ஏரியே கூடியிருந்தது. நாரையார் இன்னும் வரவில்லை.

பாறையில் நீலி சோர்ந்து படுத்திருந்தாள். வயிறு பெரிதாகியிருந்தது. வெயிலில் அவள் ரோமம் வறண்டு கிடந்தது.

"எழுந்திரு அம்மா! விருந்து வந்திருக்கிறது!" என்றாள் சிலம்பாயி.

நீலி எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் சிவப்புப் பந்து. அடியில் ஒற்றைக் கண்ணோடு ஒரு விரால்.

"இது என்ன?"

"என் பிள்ளைகள். இவ்வளவுதான் எனக்கு மிச்சம். சீக்கிரம் தின்றுவிட்டு ஏப்பம் விடு. உன் ஏப்பத்துக்கும் தவளை ஒரு பாட்டு வைத்திருக்கும்!"

நீலி திடுக்கிட்டாள். "இதையா இத்தனை நாளும் எங்களுக்கு... கெளுத்திக் குஞ்சு என்று சொன்னார்களே!"

"கெளுத்திக் குஞ்சை யார் பிடிப்பது? அதைப் பிடிக்கத்தானே உன்னைக் கூப்பிட்டோம்!"

சடையன் பாறையின் மறுபக்கம் போய் ஓங்கரித்தான். நீலியின் கண் சிவந்தது.

"அக்கா, நாங்கள் மீன் தின்கிற இனம்தான். அதை மறைக்கவில்லை. நாளைக்கே உன்னைத் துரத்தினாலும் துரத்துவேன். உன்னால் முடிந்தால் தப்பித்துக்கொள். ஆனால் விதைநெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்கிற இனம் இல்லை நாங்கள்! கரையில் உட்கார வைத்து, ஏரியின் விதைநெல்லையே எங்களுக்குப் பொங்கிப் போட்டிருக்கிறார்களே!"

"அப்படியானால் தண்ணீரில் இறங்க வேண்டியதுதானே!"

"இறங்க எங்கே விட்டார்கள்? கால் நனைந்தாலே மானக்கேடு என்று தவளை கத்துகிறது!"

அப்போது நாரையார் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் கழுத்தை நீட்டினார்.

"என்ன இது? விருந்தாளியிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதா? பண்பாடு இல்லாதவளே!"

சிலம்பாயிக்குத் தலை முதல் வால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"பண்பாடா? என் பிள்ளையை மசித்து இலையில் வைப்பது பண்பாடு, அதைச் சொன்னால் பண்பாடு இல்லையா? ஒன்று கேட்கிறேன் தலைவரே, ஏரியே எலும்பும் தோலுமாகிவிட்டது. உங்கள் கழுத்து மட்டும் எப்படித் தலையணை மாதிரி ஆயிற்று?"

நாரையார் கழுத்தைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நான் சொல்கிறேன்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு மெல்லிய குரல். அயிரைதான்! "தடிமீசையன் துரத்தினால் நாங்கள் கரையோரம் ஓடுகிறோம். முன்பு அங்கே கோரை இருந்தது, ஒளிந்துகொள்வோம். இப்போது ஒரு புல் இல்லை. அந்த மொட்டைத் தண்ணீரில் வாயைத் திறந்துகொண்டு நிற்பது யார்? இவர்தான்! அவன் ஓட்டுகிறான், இவர் பொறுக்குகிறார்! தடிமீசையன் செத்தால் தலைவருக்கு யார் இரை ஓட்டிக் கொடுப்பார்கள்? அதனால்தான் நீர்நாயைக் கூப்பிட்ட மாதிரியும் இருக்க வேண்டும், தண்ணீரில் விடாத மாதிரியும் இருக்க வேண்டும்!"

ஏரி கொதித்தது. "அப்படியா சங்கதி!" என்று குறவை துள்ளியது. "எங்களை வைத்தே எங்களை ஏமாற்றினாயா!" என்று கெண்டைகள் வாலை அடித்தன.

நாரையார் கெட்டிக்காரர். சத்தம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் விருந்தாளியை ஏரியில் இறக்கி வேலை வாங்கினோம் என்ற கெட்ட பெயர் நமக்கு வேண்டுமா? நம் அப்பன் பாட்டன் காத்த வழக்கம்! இனி எந்த வாத்து நம்மை மதிக்கும்?"

கூட்டம் அப்படியே அடங்கியது. காத்தானே தயங்கினான். "அதுவும் சரிதானே, சிலம்பாயி? விருந்தாளியை எப்படி..."

சிலம்பாயி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் புரிந்த பிறகும் வழக்கம் என்ற ஒரு சொல்லில் அத்தனை பேரும் கட்டுப்பட்டு நிற்கிறார்களே! கீழே அவள் குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வந்தன. தூரத்தில் தண்ணீர் சுழித்தது. தடிமீசையனின் மீசை வெளியே தெரிந்தது.

அப்போது நீலி எழுந்து நின்றாள்.

"மதகுக்குப் பக்கத்தில் ஒரு சாய்ந்த கல் இருக்கிறதா?"

மீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அந்தக் கல்லுக்கு அடியில் ஒரு பொந்து. ஒரு வாசல் தண்ணீருக்குள். இன்னொரு வாசல் கரைமேல். நடுவில் ஈரம் ஏறாத ஒரு மேடு. இருக்கிறதா, இல்லையா?"

நண்டு ஒன்று பின்வாங்கிப் பின்வாங்கிச் சேற்றுக்குள் போகப் பார்த்தது.

"ஏய் நண்டு! நீ மதகுப் பக்கம்தானே இருக்கிறாய்? சொல்!" என்றாள் சிலம்பாயி.

"இருக்கிறது..." என்று முனகியது நண்டு. "நான்தான் அதில் குடியிருக்கிறேன். காலியாகக் கிடந்தது, யாரும் கேட்கவில்லை. இப்போதே வேண்டுமானாலும் காலி செய்துவிடுகிறேன்!"

சிரிக்கிற நேரம் இல்லை. ஆனாலும் அயிரை சிரித்துவிட்டது.

"அந்த மேட்டில்தான் என் அம்மா பிறந்தாள்!" என்று நீலி கத்தினாள். அவள் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. "என் வீட்டில் நானே விருந்தாளியா? வேரை அறுத்துத் துரத்திவிட்டீர்கள். துரத்தின கையாலேயே இப்போது மாலை போடுகிறீர்கள். வாசலில் உட்கார வைத்துப் பாட்டுப் பாடுகிறீர்கள். உள்ளே மட்டும் விட மாட்டீர்கள்! இதற்குப் பெயர் உபசாரமா? இது இன்னொரு முறை துரத்துவது!"

கழுத்தில் காய்ந்து கிடந்த மாலையைப் பிய்த்தாள். நாரையாரின் காலடியில் எறிந்தாள். தொபீரென்று தண்ணீரில் குதித்தாள். அவள் குதித்த வேகத்தில் தண்ணீர் தெறித்துத் தலைவர் முழுக்க நனைந்துபோனார். சடையனும் குதித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை மீன்கள் பேரன் பேத்திகளுக்கெல்லாம் சொல்லும்!

நீலி ஆழத்திலிருந்து விரட்டினாள். சடையன் மதகோரம் மறித்தான். இதுவரை எல்லாரையும் துரத்திய தடிமீசையனை அன்றுதான் இன்னொருவர் துரத்தினார். அவன் சேற்றைக் கிளப்பினான். நீர்நாய்க்குச் சேறு ஒரு பொருட்டா? மீசையாலேயே தடவிக் கண்டுபிடித்துவிடும். அவன் கரையோரம் பாய்ந்தான். ஒளிய ஒரு புல் இல்லை! நாரையார் மொட்டையடித்து வைத்த கரை அவனையே காட்டிக் கொடுத்தது.

நீலி அவன் கழுத்தைக் கவ்வினாள். வட்டப்பாறைக்கு இழுத்து வந்தாள். அந்தப் பாறையில் அன்றுதான் உண்மையான விருந்து நடந்தது.

"வெற்றி! வெற்றி!" என்று தவளை குதித்தது. "நாளைக்கே பெரிய விழா! இன்னொரு வளைவு கட்டுவோம்! இந்தப் பாறைக்கு நீர்நாய்ப் பாறை என்று பெயர் வைப்போம்!"

"வாயை மூடு!" என்றாள் நீலி. வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள். "ஒருவன்தான் செத்தான். இன்னும் ஏகப்பட்ட கெளுத்தி இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர். நாங்கள் பிடிக்கிற வரைக்கும் சின்ன மீன்கள் எங்கே ஒளியும்? என் குட்டிகள் வளர்ந்தால் எங்கே பொந்து வைக்கும்? எனக்கு வளைவு வேண்டாம், வேர் வேண்டும்! தாழை எங்கே? கோரை எங்கே?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தலையைக் குனிந்தால் தாழை முளைக்குமா?" என்றாள் சிலம்பாயி. "பிடுங்கின கைகளே நடட்டும். நண்டு! நீ வேரை அறுத்தாய் அல்லவா? இப்போது குழி தோண்டு. தாழைக்கோழி! நீ கோரையைப் பிடுங்கினாய் அல்லவா? கீழ் ஓடைக்குப் போய்க் கிழங்கோடு கொண்டு வா. தவளை! நீ பாடினது போதும், சேற்றை மிதித்துப் பதமாக்கு!"

"நான் தலைவரின் ஆள் அக்கா..."

"இனிமேல் சேற்றின் ஆள். மிதி!"

தவளை மிதித்தது. நண்டு குழி தோண்டியது. தாழைக்கோழிகள் ஓடையிலிருந்து தாழங்கன்றும் கோரைக்கிழங்கும் கொண்டுவந்தன. நட்டதில் பாதி காய்ந்து போயிற்று. மறுபடி நட்டார்கள். ஒரு வெள்ளம் வந்து கொஞ்சத்தை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் நட்டார்கள். பிடுங்க ஒரு பேச்சுப் போதுமாக இருந்தது. நடுவதற்கு வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைப் பிடுங்குகிறவர்கள் யாரும் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பதில்லை!

நீலி சாய்ந்த கல்லுக்கு அடியில், அம்மா பிறந்த அதே மேட்டில் குட்டி போட்டாள். நண்டு பக்கத்துக் கல்லுக்குக் குடிபோனது. போகும்போது, "பார்த்துப் பெருக்கி வைத்துவிட்டுத்தான் போகிறேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனது.

நாரையார் என்ன ஆனார்?

"அவரைத் துரத்திவிடலாம்!" என்று கெண்டைகள் கத்தத்தான் செய்தன.

"வேண்டாம்" என்றாள் சிலம்பாயி. "ஒருவரைத் துரத்தியதற்கே இன்னும் நட்டுக்கொண்டிருக்கிறோம். தலைமை மட்டும் வேண்டாம். மற்ற நாரைகளைப் போல அவரும் நின்று, காத்திருந்து, முடிந்ததைப் பிடித்துத் தின்னட்டும்."

இப்போது ஓரமெல்லாம் கோரை வளர்ந்துவிட்டது. நாரையார் ஒற்றைக் காலில் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. கழுத்து பழையபடி மெலிந்துவிட்டது. அவர் உடம்புக்கு அது நல்லதுதான் என்று ஆமை சொல்கிறது.

சிலம்பாயியின் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து பெரிதாகி, அவற்றில் ஒருத்தி இந்த வருஷம் குஞ்சு பொரித்திருக்கிறாள். கோரைக்கு நடுவே செக்கச் செவேலென்று ஒரு பந்து மேலே வருகிறது, கீழே போகிறது. பக்கத்தில் நீலி இந்த வருஷம் போட்ட குட்டிகள் நீந்தப் பழகுகின்றன. சில சமயம் விளையாட்டு முற்றி, அந்தத் தாய் விராலைத் துரத்திக்கொண்டு ஓடுகின்றன.

"ஏய், உன் பிள்ளைகளை அடக்கு! அங்கே கொழுத்த கெளுத்தி நிற்கிறது, கண் தெரியவில்லையா?" என்று சிலம்பாயி கத்துவாள்.

"உன் மகளை வேகமாக நீந்தச் சொல்லு அக்கா!" என்று நீலி பொந்துக்குள்ளிருந்து பதில் கொடுப்பாள்.

இரண்டு பேரும் அப்படித்தான் தினமும் சண்டை போடுகிறார்கள். இரண்டு பேரும் அந்த ஏரியில்தான் இருக்கிறார்கள்.

நாம் துரத்திவிட்ட உயிரைத் திரும்ப அழைத்தால் அதன் கழுத்துக்கு மாலை போட்டால் போதாது, அதன் வீட்டையும் வேலையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.